கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்துல முதல் ரவுண்டு: தட்டையான மைதானத்துல ஆடிப் பழகினவங்களுக்கு முழுமையான வழிகாட்டி

கிண்டியிலயும் நந்தனத்துலயும் வருஷக்கணக்கா ஆடினவங்க, நல்ல ஹேண்டிகேப் (திறமைக்கு ஏத்த மாதிரி ஸ்கோர்ல கழிச்சுக்குற அடி எண்ணிக்கை) வச்சிருக்குறவங்க, கொடைக்கானல் வந்து முதல் ஒம்போது ஹோல் முடியுறதுக்குள்ள பந்தெல்லாம் தொலைச்சு பை காலியாகி நிக்குறதைப் பாத்துக்கிட்டே இருக்கேன். ஸ்விங்ல பெருசா எதுவும் தப்பா இருக்காது. முடிவு எடுக்குற வரிசைதான் தப்பு. பந்துகிட்ட வந்ததும் "எவ்வளவு தூரம்?"னு கேக்குறாங்க, பதில் வந்த உடனே பையில இருந்து கிளப்பை, அதாவது அடிக்குற மட்டையை, உருவிடுறாங்க, அப்புறம்தான் காலை வைக்க இடம் தேடுறாங்க, அப்பதான் ஒரு கால் மேலயும் ஒரு கால் கீழயும் இருக்குறது தெரியுது, ஆனா கையில கிளப் வந்தாச்சு, சரி அடிச்சுப் பாப்போம்னு அடிச்சுடுறாங்க.

மலை மைதானத்துல கிளப் கடைசியா எடுக்க வேண்டிய பொருள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுத்திதான் போகும். வலது கைக்காரங்களுக்குச் சொல்ற மாதிரி எழுதியிருக்கேன், இடது கைக்காரங்க திசையை மாத்திக்கோங்க.

1. மலை ஏறுறதுக்கு முன்னாடி

முதல்ல மைதானத்தை நடத்துற கோல்ஃப் கிளப்புக்கு போன் பண்ணுங்க. வெளியாளுங்க எந்த நாள்ல ஆடலாம், எத்தனை மணிக்கு டீ டைம் (ஆட்டம் ஆரம்பிக்குற நேரம்), கட்டணம் எவ்வளவு, உறுப்பினர் யாராவது கூட வரணுமா, வாடகைக்கு கிளப் செட் கிடைக்குமா, இதெல்லாம் அன்னைக்கு நிலவரத்தை அவங்க வாயால கேட்டுக்கோங்க. போட்டி நடக்குற வாரக் கடைசியில வெளியாளுங்களுக்கு இடம் கிடைக்காம போகலாம், அவ்வளவு தூரம் மலை ஏறி வந்து கேட்டுல நிக்கக் கூடாது.

ரெண்டாவது இ-பாஸ். மே 2024-ல இருந்து வெளியூர் வண்டி கொடைக்கானலுக்குள்ள வரணும்னா இ-பாஸ் எடுக்கணும், ஐகோர்ட் உத்தரவு. ஆன்லைன்லயே எடுத்துடலாம், ஆனா கிளம்புற நாள் காலையில எடுத்துக்கலாம்னு விட்டுடாதீங்க. சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கும் மலையில தடை இருக்கு, அதனால ஸ்டீல் பாட்டில் கொண்டு வாங்க.

டிரெஸ் விஷயத்துல காலர் வச்ச டீ ஷர்ட், சாதாரண பேண்ட், சாஃப்ட் ஸ்பைக் ஷூ இருந்தா எங்கயும் பிரச்சனை வராது. ஜீன்ஸும் ரவுண்ட் நெக்கும் வேண்டாம்.

மாசம்னு கேட்டா ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் எனக்குப் புடிச்ச காலம். தரை காஞ்சிருக்கும், காலையில வானம் தெளிவா இருக்கும். ஏப்ரல், மே சீசன்ல மைதானம் நல்லாத்தான் இருக்கும், ஆனா ரோட்டுல நிக்குறதுலயே பாதி நாள் போயிடும், ஏன்னா மைதானம் இருக்குறது தூண் பாறை போற ரூட்ல, பசுமைப் பள்ளத்தாக்கு பக்கத்துல, டூரிஸ்ட் வண்டி அத்தனையும் அந்த வழியாத்தான் போகும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை, முதல் ரவுண்டுக்கு அந்த மாசங்கள் வேண்டாம்.

2. பையில என்ன இருக்கணும்

விதிப்படி 14 கிளப் வரைக்கும் வச்சுக்கலாம், ஆனா இங்க அத்தனையும் தேவைப்படாது. ஏத்தத்துல தூக்கிட்டு நடக்கப் போறது நீங்களோ கேடியோ (பையைத் தூக்கி வழி சொல்ற உதவியாளர்), யாரா இருந்தாலும் எடை எடைதான். தூரத்துக்கு ஒரு 3 வுட், ஒண்ணோ ரெண்டோ ஹைப்ரிட், நடுத்தர தூரத்துக்கு 6-ல இருந்து 9 வரைக்கும் அயர்ன், கிட்டத்து அடிக்கு ரெண்டு வெட்ஜ், ஹோலுக்குள்ள உருட்ட பட்டர், இது போதும். டிரைவரை (இருக்குறதுலயே அதிக தூரம் அடிக்குற கிளப்) கொண்டு வர்றதுன்னா வாங்க, எப்ப எடுக்கக் கூடாதுங்கிறதை அப்புறம் சொல்றேன். லாங் அயர்னை வீட்டுலயே வச்சுட்டு வாங்க, சரிவுல நின்னுக்கிட்டு 4 அயர்னை சுத்தமா அடிக்குறவங்க ரொம்பக் கம்மி.

பந்து ஒரு டஜனுக்குக் குறையாம வேணும். அதுல பாதி மஞ்சளோ ஆரஞ்சோ இருக்கட்டும், மூடுபனியில வெள்ளைப் பந்து கண்ணுக்கே தெரியாது. விலை ஜாஸ்தியான பந்து முதல் ரவுண்டுக்கு வேண்டாம், தொலைச்சுடுவோமோங்கிற பயம் கையில வந்துச்சுன்னா ஸ்விங் இறுகிடும்.

குளிருக்கு மொத்தமா ஒரே ஜாக்கெட் போட்டுட்டு வராதீங்க. காலையில எட்டு, பத்து டிகிரில ஆரம்பிச்சு பதினோரு மணிக்கு வேர்க்கும், அதனால கழட்டிக் கழட்டி பையில வைக்குற மாதிரி மெல்லிசா ரெண்டு மூணு அடுக்கு போடுங்க. கையில்லாத ஸ்வெட்டர் இருந்தா இன்னும் நல்லது, தோள் சுத்துறதைத் தடுக்காது. மழைக்கோட்டு, ரெண்டு கிளவுஸ், ரெண்டு டவல், மாத்து சாக்ஸ். ஒரு டவலை பைக்குள்ளயே காய வச்சிருங்க, அது கைப்பிடி துடைக்க மட்டும்.

சன்ஸ்கிரீன் கட்டாயம். குளிரா இருக்குறதால வெயில் உறைக்கல, ஆனா 7000 அடியில முகம் கருகிடும், சாயங்காலம் குளிக்கும்போதுதான் எரியும்.

சாப்பிட கடலை மிட்டாயும் மலை வாழைப்பழமும். தாகமே எடுக்காது, இருந்தாலும் மூணு ஹோலுக்கு ஒரு தடவை தண்ணி குடிங்க, உயரத்துல உடம்பு காஞ்சு போறது தெரியாது, தெரியுறப்ப தலைவலி வந்திருக்கும்.

3. முந்தின நாளே வந்துடுங்க

இது ரொம்ப பேர் கேக்காத விஷயம். ராத்திரி மதுரையிலயோ திண்டுக்கல்லயோ தங்கிட்டு விடியக்காலை வத்தலக்குண்டு வழியா ஏறி நேரா முதல் டீக்கு (ஹோலோட முதல் அடியை அடிக்குற இடம்) வர்றாங்க. வளைவுகள்ல வயிறு கலங்கியிருக்கும், காது அடைச்சிருக்கும், மூச்சு இன்னும் அந்த உயரத்துக்குப் பழகியிருக்காது. ரெண்டாவது ஏத்தத்துலயே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும், வாங்குற மூச்சோட பட் (பந்தை ஹோலுக்கு மெதுவா உருட்டுற அடி) பண்ண முடியாது.

முந்தின நாள் மத்தியானமே வந்து சேந்துட்டு சாயங்காலம் ஏரியைச் சுத்தி ஒரு நடை நடந்துட்டு சீக்கிரம் படுங்க. பந்துகளை ராத்திரி கார்ல விடாம ரூமுக்குள்ள வைங்க. குளிர்ந்த பந்து தூரம் கம்மியா போகும், அடிக்கும்போது கையிலயும் கல்லு மாதிரி தட்டும். ஆனா ரவுண்டு நடக்குறப்ப ஹீட்டர் மாதிரி எதையாவது வச்சு பந்தைச் சூடாக்குறது விதிப்படி கூடாது, அதை நினைவுல வச்சுக்கோங்க.

இதய நோய், மூச்சுக் கோளாறு இருக்குறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க. முதல் நாள் ஒம்போது ஹோல் மட்டும் ஆடினாலே போதும்ங்கிறது என் அபிப்பிராயம், மலையில நடந்து 18 ஹோல் முடிக்குறது சின்ன வேலை இல்ல.

4. கேடி அண்ணன்கிட்ட முதல்லயே பேசிடுங்க

கேடி இல்லாம முதல் ரவுண்டு ஆடாதீங்க. காசு மிச்சம் பண்ண நினைச்சா அதை பந்துல தொலைப்பீங்க.

முதல் டீக்குப் போறதுக்கு முன்னாடியே ரெண்டு விஷயத்தை நேரா சொல்லிடுங்க. ஒண்ணு, உங்க 7 அயர்ன் உண்மையிலேயே எவ்வளவு தூரம் போகும்னு. என்னைக்கோ ஒரு நாள் போன தூரத்தைச் சொல்லாதீங்க, பத்துல ஏழு தடவை போற தூரத்தைச் சொல்லுங்க. ரெண்டு, உங்க பந்து வழக்கமா எந்தப் பக்கம் வளையும்னு. இந்த ரெண்டும் தெரிஞ்சா அவர் மீதியைப் பாத்துப்பார். அவர் சொல்ற கிளப் எல்லாமே இந்தத் தகவலை வச்சுத்தான் வரும், பொய்யான தூரத்தைச் சொன்னா அவர் சொல்றதும் பொய்யாத்தான் போகும்.

கேக்குற கேள்வியையும் மாத்துங்க. "எவ்வளவு தூரம்?"னு கேட்டா ஒரு நம்பர்தான் கிடைக்கும். "அண்ணே, எந்தப் பக்கம் போனா செத்தோம்?"னு கேளுங்க, அதுதான் உபயோகமான கேள்வி. "இடது பக்கம் மட்டும் போகாதீங்க சார், வலது பக்கம் போனா தானா கீழ இறங்கி வந்துடும்"னு அவர் சொல்ற ஒரு வரியில அந்த ஹோல் முழுசும் இருக்கு.

முன்னாடி போய் நின்னு பந்து விழுற இடத்தைப் பாக்க ஒரு ஆள் தனியா கிடைச்சா நாலு பேர் சேந்து வச்சுக்கோங்க. டீயில இருந்து பாத்தா ஃபேர்வே (வெட்டிச் சீராக்கின புல் பாதை) மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைஞ்சு போற இடத்துல அந்த ஒரு ஆள் உங்க ரவுண்டைக் காப்பாத்துவார்.

5. டீயில: டிரைவரை வெளிய எடுக்காதீங்க

முதல்ல உடம்பைச் சூடாக்குங்க. குளிர்ல நேரா முழு ஸ்விங் போட்டா முதுகு புடிச்சுக்கும். பத்து நிமிஷம் நடை, தோளைச் சுத்துறது, அப்புறம் வெட்ஜை வச்சு அரை ஸ்விங், அப்புறம்தான் முழுசு.

முதல் மூணு ஹோல்ல டிரைவர் வேண்டாம். காரணம் தூரம் இல்ல, பந்து விழுந்ததுக்கு அப்புறம் நடக்குறது. தட்டையான மைதானத்துல 20 யார்டு விலகின பந்து விழுந்த இடத்துலயே கிட்டத்தட்ட நிக்கும், ரஃப்ல (ஓரத்துல வளர்ந்த புல்லுல) இருந்து அடிச்சுக்கலாம். இங்க சரிவுல விழுந்த பந்து இன்னும் உருளும், 20 யார்டு தப்பு 40 யார்டு தப்பா மாறி மரத்துக்குள்ள போய் நிக்கும். ஹைப்ரிட்ல அடிச்சா விலகலும் கம்மி, உருளலும் கம்மி.

குறி எங்க வைக்கணும்னா, ஃபேர்வே நடுவுல வைக்கக் கூடாது. ஃபேர்வே இடமிருந்து வலமா சாஞ்சிருந்தா இடது ஓரத்துல குறி வைங்க, விழுந்த பந்து தானா நடுவுக்கு இறங்கும். புதுசா வர்றவங்க நடுவுல கச்சிதமா அடிச்சுட்டு சந்தோஷப்படுவாங்க, நடந்து போய்ப் பாத்தா பந்து வலது ரஃப்ல கிடக்கும், யாரோ தட்டி விட்டுட்டாங்களோன்னு சுத்திப் பாப்பாங்க.

இன்னொண்ணு, அடுத்த அடி எங்க இருந்து அடிக்கப் போறோம்னு பாத்து இப்ப அடிங்க. 30 யார்டு கம்மியா போய் சமதளத்துல நிக்குற பந்து, 30 யார்டு கூடப் போய் இறக்கத்துல நிக்குற பந்தை விட எப்பவும் மேல். மலை மைதானம் ஆடத் தெரிஞ்சவங்களைக் கவனிச்சா அவங்க டீ ஷாட்டை சமதளம் தேடித்தான் அடிப்பாங்க.

6. பந்துகிட்ட வந்ததும்: அஞ்சு விஷயம், இதே வரிசையில

இந்தப் பகுதியை மெதுவாப் படிங்க.

முதல்ல பந்து கிடக்குற விதம். புல்லுக்கு மேல உக்காந்திருக்கா, உள்ள அமுங்கிருக்கா? ஈரமான தடிப் புல்லுக்குள்ள இருந்தா லாங் கிளப் எல்லாம் இப்பவே கணக்குல இருந்து போச்சு, புல்லு கிளப் முகத்தைத் திருப்பிடும். வெட்ஜோ 8 அயர்னோ வச்சு வெளிய எடுத்துப் போடுறதுதான் வேலை, கிரீன் (ஹோலைச் சுத்தி ஒட்ட வெட்டின புல்தரை) எவ்வளவு தூரத்துல இருந்தா என்ன.

ரெண்டாவது காலுக்கடியில சரிவு. நாலு வகைதான் உண்டு.

பந்து உங்க காலை விட மேல இருந்தா அது இடது பக்கம் போகும், கிளப் முகம் அந்தப் பக்கம் பாக்கும். வலது பக்கம் குறி வைங்க, கைப்பிடியைக் கீழ தள்ளிப் புடிங்க, பந்து உங்களுக்குக் கிட்ட வந்திருக்கு இல்லையா. எவ்வளவு லாஃப்ட் (கிளப் முகத்தோட சாய்வு) உள்ள கிளப்போ அவ்வளவு இடது பக்கம் இழுக்கும், வெட்ஜ்ல இந்த இழுப்பு அதிகம்.

பந்து காலை விடக் கீழ இருந்தா வலது பக்கம் போகும். இது நாலுலயும் கஷ்டமானது, ஏன்னா அடிக்கும்போது உடம்பு தானா மேல எழுந்துக்கும், பந்தோட தலையில மட்டும் படும். முழங்காலை நல்லா மடக்கி, குனிஞ்ச நிலையை அடிச்சு முடிக்குற வரைக்கும் விடாம வைங்க, முக்கால் ஸ்விங் மட்டும், இடது பக்கம் குறி.

ஏத்தத்தைப் பாத்து நின்னு அடிக்குறப்ப பந்து உயரமாப் போகும், தூரம் குறையும், கொஞ்சம் இடது பக்கம் சாயும். ஒரு கிளப் பெருசா (இன்னும் தூரம் போறதா) எடுங்க. இறக்கத்தைப் பாத்து நின்னா எல்லாமே தலைகீழ்: தாழ்வாப் போகும், வலது பக்கம் போகும், விழுந்து நிறைய உருளும். ரெண்டுலயும் தோளைச் சரிவுக்கு இணையா சாய்ச்சு வைக்கணும், நிமிந்து நிக்க முயற்சி பண்ணக் கூடாது. இறக்கத்துல நின்னுக்கிட்டு பந்தைத் தூக்கி விடணும்னு பின்னங்கால்ல சாயுறதுதான் நான் அதிகமாப் பாக்குற தப்பு, கிளப் பந்துக்கு ஒரு அடி பின்னாடி மண்ணைத் தோண்டும். அடிச்சதும் பந்து போற திசையில ரெண்டு எட்டு நடந்துட்டா எடை சரியா மாறியிருக்குனு அர்த்தம்.

பயிற்சி ஸ்விங்கை பந்துக்குப் பக்கத்துல, அதே சரிவுல போடுங்க. கிளப் புல்லை எங்க உரசுதுனு பாருங்க. அந்த இடத்துக்கு நேரா பந்து வர்ற மாதிரி நின்னுக்கோங்க. பந்தை எங்க வைக்கணும்ங்கிறதுக்கு புத்தகத்துல இருக்குற எந்த விதியை விடவும் அந்த உரசல் அடையாளம் துல்லியம்.

செங்குத்தான இடத்துல கிளப்பை பந்துக்குப் பின்னாடி தரையில அழுத்தி வைக்காதீங்க, லேசா தூக்கியே புடிங்க. நீங்க அசைச்சதால பந்து உருண்டா ஒரு அடி பெனால்ட்டி (ஸ்கோர்ல ஒண்ணு கூடும்), பழைய இடத்துக்கே கொண்டு வந்து வைக்கணும். தானா உருண்டா பெனால்ட்டி இல்ல, நின்ன இடத்துல இருந்து ஆடலாம். எதனால உருண்டுச்சுனு வாதம் வராம இருக்க தொடாம இருக்குறதே நல்லது.

மூணாவது மேடு பள்ளம். கிரீன் உங்களை விட எவ்வளவு கீழயோ மேலயோ இருக்கு? தோராயக் கணக்கு, 3 அடி உயர வித்தியாசத்துக்கு 1 யார்டு. 150 யார்டுல இருக்குற கிரீன் 45 அடி கீழ இருந்தா 135-னு நினைச்சு அடிங்க. மேல இருந்தா அதே அளவு கூட்டுங்க. சரிவு காட்டுற ரேஞ்ச்ஃபைண்டர் நட்பு ஆட்டத்துல உதவும், போட்டியில அந்த வசதியை அணைச்சுடணும்.

நாலாவது உயரமும் குளிரும். இந்த உயரத்துல காத்து லேசானது, பந்து சென்னையை விட சுமாரா 7, 8 சதவீதம் கூடப் போகும். ஆனா காலைக் குளிர் அதுல ஒரு பங்கைத் தின்னுடும், கனத்த உடுப்பு இன்னும் கொஞ்சம். அதனால காலையில உங்க வழக்கமான தூரத்தை வச்சே ஆடுங்க, பத்து மணிக்கு மேல வெயில் ஏறினதும் ஒரு கிளப் குறைங்க. நாள் முழுக்க ஒரே கணக்குல ஆடினவங்க மத்தியானம் கிரீனைத் தாண்டித் தாண்டி அடிக்குறதுக்கு இதுதான் காரணம்.

அஞ்சாவது காத்து. உங்க முகத்துல படுற காத்தை மட்டும் நம்பாதீங்க, பள்ளத்துல நிக்குறப்ப மேல அடிக்குறது தெரியாது. மரத்தோட உச்சியைப் பாருங்க.

இவ்வளவும் முடிஞ்சப்புறம் பையில கையை விடுங்க. எழுதும்போது நீளமா இருக்கு, பழகினா முப்பது செகண்டு கூட ஆகாது, உங்க முறை வந்ததும் 40 செகண்டுக்குள்ள அடிங்கன்னுதான் விதியும் சொல்லுது. மத்தவங்க அடிக்குறப்பவே முதல் மூணை நீங்க பாத்து வச்சுக்கலாம்.

7. பந்து காணாமப் போனா

பந்து தொலைஞ்சிருக்கும்னு சந்தேகம் வந்தா அங்கயே, தேடப் போறதுக்கு முன்னாடியே, "புரொவிஷனல் அடிக்குறேன்"னு வாய் விட்டுச் சொல்லிட்டு தற்காலிகமா இன்னொரு பந்து அடிங்க. சொல்லாம அடிச்சா அந்தப் பந்துதான் ஆட்டத்துல இருக்குற பந்தாயிடும், பழசு கிடைச்சாலும் செல்லாது. தட்டையான மைதானத்துல திரும்பி நடந்து வர்றது சோம்பல், இங்க அது ஏத்தம். மறுபடி டீக்கு ஏறி வந்தா அடுத்த ரெண்டு ஹோலுக்குக் கால்ல தெம்பு இருக்காது.

தேட 3 நிமிஷம்தான். சரிவுல பந்து விழுந்த இடத்துல தேடாதீங்க, அங்க இருந்து கீழ இறங்கித் தேடுங்க. எல்லாரும் மேலயே தேடிக்கிட்டு இருப்பாங்க, பந்து கீழ ஏதாவது வேர்லயோ குழியிலயோ போய் உக்காந்திருக்கும்.

மரத்துக்குள்ள மாட்டிக்கிட்டா பக்கவாட்டுல ஃபேர்வேக்கு வெளிய வர்ற வழியைத்தான் முதல்ல பாக்கணும். ரெண்டு மரத்துக்கு நடுவுல கிரீன் தெரியுதேனு அடிச்சவங்க பெரும்பாலும் மூணாவது மரத்தைத்தான் அடிச்சிருக்காங்க. வழியே இல்லன்னா அன்பிளேயபிள் (ஆட முடியாத பந்து) சொல்லிடுங்க, ஒரு அடி பெனால்ட்டி, ரெண்டு கிளப் நீளத்துக்குள்ள, ஹோலுக்குக் கிட்டப் போகாம டிராப் பண்ணலாம். முழங்கால் உயரத்துல இருந்து விடணும். சரிவுல அது அந்த எல்லையை விட்டு உருண்டு போகும், மறுபடி ஒரு தடவை விடுங்க, மறுபடியும் போச்சுன்னா ரெண்டாவது தடவை தரையைத் தொட்ட இடத்துல கையாலேயே வைக்கலாம். இது தெரியாம உருண்டு போன இடத்துல இருந்தே ஆடி அடியை வீணாக்குறவங்க நிறைய.

புதருக்குள்ள கையை விடுறதுக்கு முன்னாடி கிளப்பால விலக்கிப் பாருங்க. மழைக்காலத்துல அட்டையும் ஏறும், சாக்ஸை பேண்ட்டுக்கு மேல இழுத்து விட்டுக்கோங்க.

8. காட்டுமாடும் குரங்கும்

கொடைக்கானல் மைதானத்துல காட்டுமாடு மேயுறது சாதாரண விஷயம். தூரத்துல இருந்து பாத்தா சாதுவா நிக்கும். ஒரு ஆண் மாடு ஆயிரம் கிலோ வரைக்கும் இருக்கும், இறக்கத்துல அது ஓடி வந்தா உங்களால ஓட முடியாது. அது அதோட இடம். நாமதான் நின்னு போகணும்.

மாடு ஃபேர்வேல நின்னா அடிக்காதீங்க, விரட்டாதீங்க, சத்தம் போடாதீங்க, செல்ஃபிக்குக் கிட்டப் போகாதீங்க. கன்னுக்கும் தாய்க்கும் நடுவுல வர்ற மாதிரி எந்த வழியும் எடுக்கக் கூடாது. தலையைத் தாழ்த்தி உங்களையே பாத்தா, மூச்சை பலமா விட்டா, முதுகைக் காட்டாம மெதுவா பின்னாடி போங்க. கேடி "இந்த ஹோல் வேண்டாம் சார்"னு சொன்னா அந்த ஹோல் வேண்டாம், அதுல பேச்சே கிடையாது.

விதியும் இந்த விஷயத்துல நம்ம பக்கம்தான். ஆபத்தான விலங்கால ஆட முடியாத நிலைமைன்னா பெனால்ட்டி இல்லாம பாதுகாப்பான இடத்துல டிராப் எடுக்கலாம். சாணி லூஸ் இம்பெடிமென்ட் (விலக்கிக்கக் கூடிய இயற்கைத் தடை) கணக்கு, பந்தை அசைக்காம தள்ளி விட்டுக்கலாம். கிரீன்ல குளம்புத் தடம் இருந்தா சரி பண்ணிட்டு பட் பண்ணலாம், ஆனா ஃபேர்வேல குளம்புக் குழியில பந்து கிடந்தா இலவச விடுதலை கிடையாது, கிடக்குற மாதிரியே ஆடணும்.

குரங்கு நின்ன பந்தைத் தூக்கிட்டுப் போறதை யாராவது பாத்திருந்தா, இருந்த இடத்துல வேற பந்து வச்சு ஆடுங்க, பெனால்ட்டி இல்ல. சாப்பாட்டை பையோட வெளி ஜிப்புல வைக்காதீங்க, ஜிப்பைத் திறக்க அதுக்கு நல்லாத் தெரியும். தயவு செஞ்சு எதுவும் போடாதீங்க, இன்னைக்கு நீங்க போடுற ஒரு பழத்துக்கு நாளைக்கு வர்ற ஒரு பிள்ளை கடி வாங்கும்.

9. மூடுபனி, மழை, இடி

மூடுபனி மத்தியானம்தான் அதிகமா ஏறும், அதனால சீக்கிரமான டீ டைம் கேளுங்க. பள்ளத்தாக்குல இருந்து கிளம்பினா அஞ்சு நிமிஷத்துல ஃபேர்வே மறைஞ்சுடும்.

மறைஞ்சதும் அடிக்குறதை நிறுத்துங்க. முன்னாடி ஆளுங்க எங்க இருக்காங்கனு தெரியாம அடிச்ச பந்து ஒருத்தர் தலையில படும். முன்னாடி போன குரூப்போட கேடி குரல் கொடுத்து "போயாச்சு"னு சொல்ற வரைக்கும் நில்லுங்க, உங்க பந்து யார் பக்கமாவது போற மாதிரி இருந்தா கொஞ்சமும் கூச்சப்படாம "ஃபோர்!"னு கத்துங்க. பெரும்பாலும் பத்து, பதினஞ்சு நிமிஷத்துல விலகிடும். விலகலன்னா அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சுது.

தூறல்ல ஆடலாம், கைப்பிடி காஞ்சிருந்தா போதும். இடி கேட்டா உடனே கிளப்பைப் போட்டுட்டு கட்டடத்துக்குள்ள போங்க. மரத்தடியில ஒதுங்கக் கூடாது, குடை புடிச்சுக்கிட்டு மேட்டுல நிக்கக் கூடாது.

10. கிரீன்ல

மலையில கண்ணு ஏமாத்தும். மொத்த மலையும் ஒரு பக்கம் சாஞ்சிருக்குறப்ப, அதை விடக் கொஞ்சம் கம்மியா சாஞ்ச கிரீன் உங்களுக்கு எதிர்ப்பக்கம் ஏறுற மாதிரி தெரியும். ஏத்தம்னு நினைச்சு ஓங்கி அடிச்ச பட் ஹோலைத் தாண்டி கிரீனை விட்டே போயிடும்.

அதனால கிரீனுக்கு நடந்து வர்றப்பவே, ஒரு 50 யார்டுல நின்னு, பள்ளத்தாக்கு எந்தப் பக்கம்னு பாத்து வச்சுக்கோங்க. கிரீனுக்கு மேல வந்தப்புறம் அது தெரியாது. பட் லைனை கீழ்ப்பக்கத்துல இருந்து பாருங்க, அங்க இருந்து பாத்தாத்தான் சரிவு தெளிவாத் தெரியும். அப்புறம் பந்துக்கும் ஹோலுக்கும் நடுவுல பக்கவாட்டுல நின்னு ரெண்டு பாதத்துலயும் எடை எங்க இறங்குதுனு கவனிங்க, கண்ணை விட பாதம் நம்பகமானது.

காலையில பனி ஈரத்துல பட் மெதுவா ஓடும், வளைவும் கம்மி. வெயில் வந்து காஞ்சதும் அதே கிரீன் வேகமாயிடும். உங்களுக்கு முன்னாடி போன பந்து ஈரத்துல போட்ட கோடு இருந்தா பாருங்க, வளைவு அப்படியே வரைஞ்சு வச்சிருக்கும்.

அப்ரோச்ல (கிரீனுக்கு அடிக்குற அடியில) எப்பவும் ஹோலுக்குக் கீழ நிக்குற மாதிரி அடிங்க. மேல நின்னா மூணு பட், கீழ நின்னா ரெண்டு. இறக்கத்துல பட் பண்ணும்போது கொடியை எடுக்காம வச்சே அடிங்க, 2019-ல இருந்து அதுக்கு பெனால்ட்டி இல்ல, வேகமா வர்ற பந்தை அது நிறுத்தும்.

பந்து விழுந்த குழியைச் சரி பண்ணாம நகராதீங்க. குழி சரி பண்ற சின்ன முள்கரண்டியை குழியோட ஓரத்துல சாய்வாக் குத்தி, சுத்திலும் இருக்குற புல்லை நடுவுக்குத் தள்ளுங்க, அப்புறம் பட்டர் அடியால லேசாத் தட்டுங்க. அடியில இருந்து நெம்பி மேல தூக்குனா வேர் அறுந்துடும், அந்த இடம் வாரக்கணக்கா பழுப்பாவே கிடக்கும், குளிர்ல புல்லு மெதுவாத்தான் வளரும்.

11. ஸ்கோர் எப்படிப் போடுறது

முதல் ரவுண்டை ஸ்ட்ரோக் பிளேயா (மொத்த அடியையும் எண்ணுற முறை) ஆடாதீங்க. ஒரே ஹோல்ல பத்து, பதினொண்ணு போச்சுன்னா மிச்ச ஹோல் எல்லாம் அதை மீட்கணும்ங்கிற வெறியில கெட்டுடும். ஸ்டேபிள்ஃபோர்டு (ஒவ்வொரு ஹோலுக்கும் புள்ளி போடுற முறை) ஆடுங்க. ஹேண்டிகேப் கழிச்சு பார் (ஹோலுக்குன்னு வகுத்த அடி எண்ணிக்கை) எடுத்தா 2 புள்ளி, போகி (அதை விட ஒரு அடி கூட) எடுத்தா 1, அதுக்கும் மேல போனா 0. புள்ளி வராதுனு தெரிஞ்சதும் பந்தை எடுத்துப் பையில போட்டுட்டு அடுத்த டீக்கு நடங்க. பின்னாடி வர்றவங்களுக்கும் நல்லது, உங்க மூச்சுக்கும் நல்லது.

பின்னாடி குரூப் காத்துக்கிட்டு இருந்தா கையைக் காட்டி முன்னாடி போகச் சொல்லுங்க.

12. முடிச்சதும்

கேடி காசை அங்கயே, பேசினதுக்குக் குறையாம, கையில கொடுங்க. மழையில நனைஞ்சுக்கிட்டு உங்க பந்தைத் தேடியிருந்தா மேல போட்டுக் கொடுங்க.

கிளப்ஹவுஸ்ல டீ குடிக்குறப்பவே ஸ்கோர் கார்டு பின்னாடி ஒவ்வொரு ஹோலுக்கும் மூணு வார்த்தை எழுதி வச்சுடுங்க: டீயில என்ன கிளப், எந்தப் பக்கம் போகக் கூடாது, கிரீன் எந்தப் பக்கம் இறங்குது. ராத்திரி எழுதிக்கலாம்னு விட்டா பாதி ஹோல் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். அடுத்த தடவை வர்றப்ப முதல் டீயில நிக்கும்போது கையில இருக்க வேண்டியது அந்த கார்டுதான்.

கிளவுஸையும் ஷூவையும் வண்டி டிக்கியில மூடி வைக்காதீங்க, கிளவுஸ் விறைச்சுப் போகும், ஷூ நாறும், பின் சீட்டுல விரிச்சுப் போடுங்க. அன்னைக்கே இறங்குறதா இருந்தா நாலு மணிக்குள்ள மலையை விட்டுக் கிளம்புங்க, இருட்டுறப்ப வத்தலக்குண்டு ரோட்டுல பனியும் இருக்கும், மாடும் குறுக்க வரும்.